முன்னாடி ஒரு கம்பெனி, பின்னாடி ஒரு கம்பெனி

உலகத்திலேயே வேகமாகப் போவதற்கென்று செய்த காரை, உலகத்திலேயே மெதுவாக ஓட்டிய மனிதர் ரேஸ் நைனாதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில் அவரை சைக்கிள்கள் முந்தியிருக்கின்றன. எருமைகள் முந்தியிருக்கின்றன. ஒருமுறை ஒரு கல்யாண ஊர்வலம், நாதஸ்வரம் தவில் சகிதமாக, அவரிடம் வழி கேட்டு முந்திக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளை திரும்பி அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். நைனாவும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். அந்த வேகத்தில் அதெல்லாம் செய்யலாம்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. லைட்ஹவுஸ் குப்பத்தில் போய்க் கேட்டாலும் "எந்த நைனா, ரேஸா?" என்பார்கள். ஆந்திரா எல்லை பக்கம் என்பதால் அங்கே அப்பாவுக்கு நைனா என்று பெயர். கொஞ்சம் வயதாகி, கொஞ்சம் பிடிவாதமும் இருந்தால் ஊருக்கே நைனா ஆகிவிடலாம். 'ரேஸ்' என்பது கார் வந்த பிறகு சேர்ந்த பட்டம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் பயப்படும் வேலை முழுக்க என்னுடையது. நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து என்ன சேதம் என்று எழுதிக் கொடுப்பவன். டாக்டர்களாவது எப்போதாவது ஆரோக்கியமான ஆளைப் பார்ப்பார்கள். என்னிடம் வருவதெல்லாம் புளியமரத்தைக் கட்டிப்பிடித்த வண்டிகள், லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கிய வண்டிகள். அதனால் நன்றாக ஓடுகிற எந்த வண்டியைப் பார்த்தாலும், நாளைக்கு இது எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். வாசலிலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகும்போதே ஹெல்மெட் போட்டுக்கொள்கிறவன் நான். என் மனைவி மல்லிகா நர்ஸ். அவளுக்கு பழவேற்காட்டுக்கு மாற்றல் வந்ததால் கடைத்தெரு பக்கம் வீடு எடுத்தோம். ஊசி போடுகிறவளுக்குப் பயம் கிடையாது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் போதும் என்று விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

நாங்கள் குடிபோன சில மாதங்களில் அந்த சிவப்புக் கார் வந்தது. சென்னையில் வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவர் பூநாரை பார்க்கக் கிளம்பி வந்தார். பூநாரை இருப்பது ஏரியில். அவர் போனது கடற்கரைக்கு. ஈர மணலில் காரை நிறுத்திப் போட்டோ எடுத்தால் பின்னால் அலை அழகாக விழும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அலை அழகாகத்தான் விழுந்தது, காருக்குள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கார் பாதி மணலுக்குள் இருந்தது. சீட்டில் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கூட்டம். தலையில் துண்டு கட்டிய ஒருவர் மட்டும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, புதுப் படகைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். நைனாவோடு முதல் சந்திப்பு அதுதான்.

"இன்னா சாரு, இதுக்கு மேல மூடி கெடயாதா?"

"இருக்கு. துணி மூடி. உப்புத் தண்ணில மாட்டிக்கிச்சு, இனிமே மூடாது."

"மூடவே மூடாதா?"

"மூடாது."

"அப்ப நாத்தம் உள்ள தங்காது," என்றார் பரம திருப்தியாக.

கார் பார்க்க வருகிறவர்கள் மைலேஜ் கேட்பார்கள், எத்தனையாவது ஓனர் என்று கேட்பார்கள். நாற்றம் தங்குமா என்று கேட்டவரை நான் அதுவரை பார்த்ததில்லை. வெயிலில் நின்று கொஞ்சம் ஒரு மாதிரி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, கார் இனி ஓடவே ஓடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அதை எடுத்துக்கொள்ள வந்த பழைய இரும்பு வியாபாரி மணலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஒரு கூடை பச்சை நண்டை வாங்கிக்கொண்டு காரை நைனாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். படகைக் கரையேற்றுகிற மாதிரியே கயிறு கட்டி, குப்பமே கூடி இழுத்துக் கொண்டுவந்தது. படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் அதைப் பிரித்து, டீசலில் குளிப்பாட்டி, காயவைத்துத் திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்தபோது சில சாமான்கள் மிச்சமாகின. இரண்டாவது கியருக்கு மேலே உள்ளதெல்லாம் அந்த மிச்சத்தில் சேர்ந்துவிட்டது.

காரோடு வந்த டயர்கள் நான்கையும் நைனா முதல் வேலையாகக் கழற்றி, பாதி பாதியாக வெட்டி, தன் படகின் விலாவில் வரிசையாகக் கட்டினார். துறையில் படகோடு படகு இடித்துக்கொள்ளாமல் இருக்க டயர் கட்டுவது அங்கே வழக்கம். ஒரு டயரின் முதல் கடமை படகுக்கு, மிஞ்சினால் காருக்கு என்பது நைனாவின் கொள்கை. காருக்கு காயலான் கடைகளில் தேடி இரண்டு சீமை டயரும், வேறொரு கடையில் இரண்டு உள்ளூர் டயரும் பிடித்தார். முன்னாடி ஒரு கம்பெனி, பின்னாடி ஒரு கம்பெனி.

ஒரு நாள் காலை கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். ஃபைபர் படகு வருகிற மாதிரி தடதடவென்று சத்தம். தெருவில் எப்படிப் படகு என்று திரும்பினால், நான் கையெழுத்துப் போட்டு அடக்கம் செய்த கார் உயிரோடு வந்துகொண்டிருந்தது. டீ மூக்கு வழியாக வெளியே வந்தது. கார் என் அருகில் நின்றது. நின்றது என்றால், ஏற்கெனவே கிட்டத்தட்ட நின்றபடிதான் வந்தது.

"இன்னா சாரு, ஓடாதுன்னு எழுதிக் குடுத்தியாமே?" என்றார் நைனா. கோபமில்லை. நலம் விசாரிக்கிற குரல்.

பக்கத்து சீட்டில், மடியில் மீன் கூடையை வைத்துக்கொண்டு, ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அவர் மனைவி தேசம்மா. அந்த ஒரு காட்சியில் எனக்கு எல்லாம் புரிந்தது.

தேசம்மா தினமும் பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோய் விற்பவர். கூடைக்கு மேல் ஈரத்துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் இன்னொரு துணி என்று எத்தனை போர்த்தினாலும் பஸ்ஸில் யாராவது ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். கண்டக்டர் "கூடைய எடுத்துகினு எறங்குமா" என்பார். ஷேர் ஆட்டோக்காரர்கள் தூரத்தில் கூடையைப் பார்த்ததுமே வேகமெடுப்பார்கள். தன் மனைவியை நடு ரோட்டில் இறக்கிவிடாத ஒரு வண்டி வேண்டும், அதில் நாற்றம் தங்கக் கூடாது. நைனாவின் தேவை அவ்வளவுதான். அந்தத் தேவைக்கு சென்னையில் கார் விற்கிற எவரும் மேல்கூரை திறந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைச் சிபாரிசு செய்திருக்க மாட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான வண்டியும் கிடையாது.

நான் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கார் கிளம்பிப் போனபோது என் கண் டயரில் விழுந்தது. முன் டயரின் ரப்பரில் வெட்டிய பூ ஒரு மாதிரி, பின் டயரில் வேறு மாதிரி.  அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. "டயர் டயர்னு எதுக்குங்க பொலம்புறீங்க?" என்று மல்லிகா கேட்டபோதுதான், நான் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம், மார்க்கெட்டில் விற்றது போக மிச்ச மீனோடு தேசம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மல்லிகா மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"தேசம்மா, உங்க வண்டில முன்னாடி டயர் ஒரு கம்பெனி, பின்னாடி டயர் வேற கம்பெனி. கவனிச்சீங்களா?"

"அதனால இன்னா சாரு?"

அதனால் என்ன என்று என்னிடம் கேட்கக் கூடாது. மல்லிகா பொறுக்கி வைத்ததிலிருந்து ஒரு மடவை மீனைக் கையில் எடுத்தேன். "இதுதான் உங்க கார்னு வைங்க. மழை பேஞ்சு ரோடு நனைஞ்சிருக்கு. வேகமா வர்றீங்க. முன்னாடி டயர் ரோட்டைக் கெட்டியாப் புடிச்சுக்குது. பின்னாடி டயர் வேற கம்பெனி, அது அந்த அளவுக்குப் புடிக்காது. வளைவுல திரும்புறீங்க. வால் பக்கம் அப்படியே வெளிய தள்ளிக்கிட்டு..." என்று மடவையை ஒரு சுழற்று சுழற்றினேன். அது என் கையிலிருந்து நழுவி, காற்றில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, வாசல் சாக்கடையில் விழுந்தது.

தேசம்மா சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது குழம்புக்கு எடுத்து வெச்சது," என்றாள் மல்லிகா.

"இத்த அந்தாளாண்ட சொன்னியா சாரு?"

"இல்ல."

தேசம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து பழையபடி பஸ்ஸில் போக ஆரம்பித்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் வாசலில் படகுச் சத்தம். நைனா இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"என் பொண்டாட்டியாண்ட இன்னா சாரு சொன்ன? மீன வெச்சி படம் காட்டினியாமே. நாலு டயரும் ஒரே கம்பெனியா வந்தாத்தான் ஏறுவேன்றா. சோறு போடறா, பேசறா, சிரிக்கறா, கார்ல மட்டும் ஏற மாட்டேன்றா. பஸ்ஸுலயே போறா. போன மழைக்கு பாதி வழில எறக்கி வுட்டானுங்க தெரியுமா? மறுபடி ஆரமிச்சாச்சு."

"நாலையும் ஒரே மாதிரி மாத்திடுங்க நைனா. அவ்வளவுதானே."

"இந்த சைஸுல நாலு ஒண்ணா காயலான் கடைல கெடைக்கல. நான் தேடாமயா கீறேன்? ரெண்டு ரெண்டாத்தான் கீது."

"அப்ப கிடைக்கிற வரைக்கும் வண்டி எடுக்காதீங்க."

"அது வரைக்கும் அவ பஸ்ஸுல போவணுமா?"

 இந்த இடத்தில்தான், உள்ளே காபி கலந்துகொண்டிருந்த என் மனைவி, தாலி கட்டிய கணவனைக் காட்டிக்கொடுத்தாள்.

"நைனா, இவரையே உக்கார வெச்சுப் பொன்னேரி வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. தேசம்மா பயந்தது இவர் பேச்சைக் கேட்டுத்தானே. இவரே உசுரோட போய்ச் சேர்ந்தா அவங்களுக்கு நம்பிக்கை வந்துடும்."

"சேரலன்னா?" என்றேன்.

"சேரலன்னா நீங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடும். ரெண்டு வழியிலயும் உங்களுக்கு நல்லதுதான்," என்றாள்.

"நர்சம்மா சொன்னா கரெக்டு," என்று நைனா எழுந்துவிட்டார்.

ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். கார் ஏறுகிறவன் ஹெல்மெட் போடுவதைப் பார்த்துத் தெருவில் நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள். சீட் பெல்ட் இருந்த இடத்தில் வலைக் கயிறு இருந்தது. அதை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ பத்த மாட்ட சாரு. தேசம்மா வெயிட்டு வேற. இப்டி காலியா ஓட்டிக் காட்டினா ஒத்துக்க மாட்டா." ஒரு மீன் கூடையில் மணலை நிரப்பி என் மடியில் வைத்தார். பரிசோதனை என்றால் முறையாகச் செய்ய வேண்டும் என்பதில் அவருக்குச் சமரசமே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் தேசம்மா கூடையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் அவரைக் கடந்துபோனோம். கடக்க நேரம் பிடித்ததால் ஒருவரை ஒருவர் நிதானமாகப் பார்க்க முடிந்தது. ஹெல்மெட், கயிறு, மணல் கூடையோடு நான். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியில் அதை நிறுத்திக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

ஊரைத் தாண்டுவதற்குள் அந்த பஸ்ஸே எங்களை முந்தியது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் பார்வையை மணலில் வைத்துக்கொண்டேன்.

"வேகம் போதும் நைனா, குறைச்சுக்குங்க," என்றேன்.

"இதுக்குக் கீழ கொறச்சா இன்ஜின் நின்னுடும் சாரு."

பயத்தை மறக்கப் பேச்சுக் கொடுத்தேன். "சரி, ரெண்டு கம்பெனி டயரை ஏன் இப்படிப் போட்டீங்க? ஒண்ணு விட்டு ஒண்ணாப் போட்டிருந்தாலும் தப்புதான், ஆனா நீங்க முன்னாடி ரெண்டும் சீமை, பின்னாடி ரெண்டும் லோக்கல்னு போட்டிருக்கீங்க."

"ஒரே கம்பெனிக்காரங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் சாரு நல்லாருக்கும். ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடின்னா பேச்சுத்தொணை இருக்காதில்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

"அப்ப எப்பவும் சீமைதான் முன்னாடியா?"

"அது எப்டி? பாடு கீதில்ல."

பாடு என்பது அந்த ஏரிக்காரர்களின் முறை. ஏரியில் மீன் நிறைய விழும் இடமும் உண்டு, நாள் முழுக்க நின்றாலும் ஒன்றும் விழாத இடமும் உண்டு. ஒரே ஆள் நல்ல இடத்திலேயே வலை போட்டுக்கொண்டிருந்தால் மற்றவன் என்ன செய்வான்? அதனால் சீட்டுப் போட்டு, முறை வைத்து, இடத்தை மாற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு எனக்கு நல்ல இடம் வந்தால் அடுத்த முறை உனக்கு. இதை மீனுக்குச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். டயருக்கும் செய்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"முன்னாடி டயருக்குத்தான் சாரு கஷ்டம். பள்ளத்த மொதல்ல பாக்கறது அது. ஆணி, முள்ளு, சாணி எல்லாம் அதுக்குத்தான். பின்னாடி கீறவன் போட்ட வழில சொகமா வரான். இவனுங்களே எப்பவும் முன்னாடி ஒழைக்கணும்னா நாயமா? அதான் ஒவ்வொரு அமாவாசைக்கும் சீட்டுப் போட்டு எடுப்போம். இந்தக் கம்பெனி முன்னாடியா, அந்தக் கம்பெனி முன்னாடியான்னு."

"யார் எடுப்பாங்க?"

"தேசம்மாதான். அவ கை ராசியான கை." ஒரு பள்ளத்தை ஒதுக்கி ஸ்டியரிங்கைத் திருப்பினார். "போன அமாவாசைக்கு எடுக்கல. ஏற மாட்டேன்றவ சீட்டு மட்டும் எடுப்பாளா? அதனால பாடு மாறல. முன்னாடி கீற ரெண்டும் பாவம், இன்னும் அதுங்களேதான் ஒழைச்சிகினு கீது."

இப்படியொரு காரணத்துக்காக டயர் மாற்றியதை என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. அது தப்பு, மாற்றிப் போட்டாலும் இரண்டு கம்பெனி இரண்டு கம்பெனிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தூறல் ஆரம்பித்தது.

நனைந்த ரோடு. எதிரே ஒரு வளைவு. வளைவின் நடுவே ஒரு ஆடு. நான் மடவையை வைத்து விளக்கிய அத்தனையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருந்தது. மணல் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். "அம்மா" என்று கத்தியதாக நைனா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். கத்தியிருப்பேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தேன். கார் எப்போதோ நின்றிருந்தது. ஆடு பக்கத்தில் வந்து, என் மடியிலிருந்த கூடையை முகர்ந்து பார்த்தது. மணல் என்று தெரிந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொன்னேரி திசையில் எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தது. வெகு தூரம் அதை எங்களால் பிடிக்க முடியவில்லை.

தூறல் விட்டதும், சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் யாரோ நிற்பது தெரிந்தது. காலடியில் கூடை. நைனா போய் அருகில் நிறுத்தினார்.

"எறக்கி வுட்டானா?"

"ம்."

"எவன்?"

"எவனா இருந்தா இன்னா. கூடைலேர்ந்து தண்ணி சொட்டிச்சி, பக்கத்துல உக்காந்தவன் பேன்ட்டு நனைஞ்சிச்சி. வுடு." தேசம்மா என்னைப் பார்த்தார். "இன்னா, சாரை இந்தக் கோலத்துல எங்க, நேத்திக்கடனுக்கா இட்டுனு போற?"

காரில் இருப்பது இரண்டு சீட்டு. ஒன்றில் நைனா, இன்னொன்றில் நானும் மணலும். மீன் வெயிலுக்கு முன்னால் மார்க்கெட் போயாக வேண்டும். அடுத்த பஸ் எப்போது வரும், வந்தாலும் ஏற்றுவானா என்று யாருக்கும் தெரியாது. நான் கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். அது இறுகிவிட்டிருந்ததால் நைனா மீன் கத்தியால் அறுத்துவிட்டார்.

இறங்கிய என்னை தேசம்மா காருக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாரு, எனக்கு இன்னா ஆனாலும் பரவால்ல. கடலுக்குப் போற ஆளு அவன். கடல்ல ஒண்ணு ஆனா அது வேற, அதுக்குத் துணிஞ்சிதான் கட்டிகினேன். ரோட்டுல, எனக்கு மீன் தூக்கிகினு போயி ஒண்ணு ஆவக் கூடாது. நான் ஏறலன்னா இந்தக் காரை பொன்னேரி ரோட்டுல எடுக்க மாட்டான்னு நெனச்சேன். அதுக்குத்தான் ஏறல. இப்ப நீ சொல்லு. ஏறலாமா, வேணாமா?"

முன்னால் நைனா கழுத்தை நீட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் கேட்கிற மாதிரி பாவனை.

வண்டி சரியில்லை என்று ஆயிரம் விதமாக எனக்கு எழுதத் தெரியும். சரியாக இருக்கிறது, ஏறுங்கள் என்று ஒருமுறைகூட நான் யாருக்கும் சொன்னதில்லை. குனிந்து பின் டயரைப் பார்த்தேன். எழுந்துபோய் முன் டயரைப் பார்த்தேன். இரண்டும் சாது மாதிரி இருந்தன. தூரத்தில் அந்த ஆடு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"தேசம்மா, நான் சொன்னதெல்லாம் வேகமாப் போற வண்டிக்கு," என்றேன். "இதோ பாருங்க, அந்த ஆடு எங்களை முந்திக்கிட்டுப் போகுது. இந்த வேகத்துல டயரே இல்லன்னாலும் ஒண்ணும் ஆகாது. மழை கொட்டுச்சுன்னா மட்டும் ஓரமா நிறுத்திடச் சொல்லுங்க. ஏறுங்க."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

"இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நல்ல மடவைய எதுக்கு சாக்கடைல போட்ட?"

தேசம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார். நைனா கதவைத் திறக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சீமைக்கு ஒரு மட்டி ஓட்டையும் லோக்கலுக்கு ஒரு சின்ன சங்கையும் எடுத்தார். அத்தனை நாளும் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். இரண்டையும் துண்டில் போட்டு மூடி, குலுக்கி நீட்டினார்.

"மொதல்ல எடு."

"யோவ், மீன் கெட்டுப்பூடும்யா."

"எடு தேசம்மா. அதுங்க ரொம்ப நாளா ஒழைச்சிகினு கீது."

தேசம்மா துண்டுக்குள் கையை விட்டார். சங்கு வந்தது. லோக்கல் கம்பெனி இனி முன்னாடி. நைனா முகம் மலர்ந்து, சீட்டுக்கு அடியில் ஜாக்கியைத் தேடக் குனிந்தார். அங்கேயே, நடுரோட்டிலேயே டயரை மாற்றப் போகிறார் என்று எனக்கு உயிர் போய்விட்டது.

"சாயங்காலம் மாத்திக்க. வண்டிய எடு," என்று தேசம்மா ஏறி உட்கார்ந்தார்.

கார் தடதடத்துக்கொண்டு கிளம்பியது. நானும் மணல் கூடையும் ரோட்டில் நின்றோம். கூடை அவர்களுடையது, விட்டுவிட்டு வர மனமில்லை. மணலைக் கொட்டிவிட்டு வெறும் கூடையோடும் ஹெல்மெட்டோடும் அடுத்த பஸ்ஸைக் கைகாட்டினேன். பஸ் மெதுவானது. கண்டக்டர் தலையை நீட்டி மூக்கைச் சுருக்கினார். "கூடையெல்லாம் ஏத்தறதில்ல சார்" என்றார். பஸ் போய்விட்டது.

நடந்தேன். பொன்னேரி பக்கம் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் சிவப்பாக ஒன்று தெரிந்தது. கிட்டத்தில்தான். விட்டால் எட்டிப் பிடித்துவிடுவேன் போலிருந்தது. நைனா ஏதோ கையை ஆட்டிச் சொல்ல, தேசம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கத்தியதைத்தான் நடித்துக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். இருக்கட்டும். நான் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மல்லிகாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, காயலான் கடை காயலான் கடையாக அலைந்து, அந்த சைஸில் நாலு டயர், ஒரே கம்பெனி, ஒரே பூ, தேடிப் பிடித்து நைனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கினார். கிளம்புகிற அன்று துறைப் பக்கம் போனோம். நாலு டயரும், வெட்டாமல் முழுசாக, படகின் இரண்டு பக்கமும் அழகாகத் தொங்கின.

"இன்னா ஜோடிப் பொருத்தம் பாத்தியா சாரு," என்றார் நைனா.

கரையில் அந்த சிவப்புக் கார் நின்றிருந்தது, முன்னாடி ஒரு கம்பெனி, பின்னாடி ஒரு கம்பெனியாக.

இப்போதும் எந்தக் காரைப் பார்த்தாலும் என் கண் முதலில் டயருக்குத்தான் போகிறது. நாலும் ஒரே மாதிரி இருந்தால், ஏனோ தெரியவில்லை, மனசு கொஞ்சம் ஏமாந்துபோகிறது.